கொடுக்காத படம்

என்னங்க,

நேரில் மறுபடி கேட்டால் சட்டம் பேசி வாயை அடைத்துவிடுவீர்கள். அதனால் எழுதி உங்கள் கோர்ட் பையில் வைக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் பரப்பியிருந்த ஃபைலை ஒதுக்கும்போதுதான் பார்த்தேன். வானவடி நகைக்கடையில் கொள்ளை நடந்த அதே நேரத்தில் நம் சர்ச் மில்ட்ரெட் அக்காவின் மகன் ஊரின் இன்னொரு கோடியில், பிம்ப்ரி மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நிற்கிறான். கேமரா படத்தில் நேரம்கூட இருக்கிறது. அவன் வக்கீலுக்கு நீங்கள் கொடுத்த காகிதங்களில் அந்தப் படம் மட்டும் இல்லை. கேட்டால், "நம்ம கேஸுக்கு அது உதவாது, விடும்மா" என்கிறீர்கள். அவனுக்கு உதவும் என்பதால்தானே கொடுக்க வேண்டும்? அரசு வக்கீலுக்கு இதையும் நானா சொல்லித்தர வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், ஜெயிலில் இருக்கும் மகனுக்காக ஜெபிக்கச் சொல்லி அக்கா சீட்டு கொடுத்தார். போதகர் ஜெபித்து முடித்ததும் எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நீங்கள்தான்.

இப்படிக்கு,
பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்