முதல் ஜாடி உங்களுடையது

பலகையால் அடித்து உங்கள் தோள் எலும்பை உடைத்தவள் நான்தான். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்று நீங்கள் விருத்தாசலம் வந்து சேர்ந்த அந்த வாரத்தில், உங்களுக்காக நானே வைத்த விருந்தில் அது நடந்தது. மறுபடி அப்படியொரு நிலைமை வந்தால் மறுபடியும் அடிப்பேன்.

இன்று காலை நம் பட்டறையில் சூளை வாயை அடைத்திருந்த செங்கல்லைப் பிரித்தார்கள். வெந்த மண்ணின் வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் கண்மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்த வாடையை மோந்தவுடன் நீங்கள் தும்முவீர்கள். இன்று தும்மல் சத்தம் கேட்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமான புதிதில் உங்களோடு கேம்ப்பில் இருந்து பார்த்தேன். ஆபீசர் வீட்டுப் பெண்கள் சீட்டாடிக்கொண்டே வானத்துக்குக் காது கொடுப்பார்கள். போன விமானம் திரும்பும் சத்தம் கேட்டால்தான் அடுத்த சீட்டு கீழே இறங்கும். அந்தப் பிழைப்பு எனக்கு ஒத்து வரவில்லை. அறுபத்திரண்டு சண்டையின்போது ஊருக்கு வந்துவிட்டேன். பீங்கான் கோப்பைகளைக் கூடையில் வைக்கோலோடு அடுக்கி, திட்டக்குடி, சேத்தியாத்தோப்பு என்று பஸ் ஏறிப் போய் விற்றேன். நீங்கள் மூன்றாவது சண்டைக்குப் போகும்போது எனக்குச் சொந்தப் பட்டறையும் சொந்தச் சூளையும் இருந்தன. லீவில் வந்தால், “வூட்டுக்கு நீதான் கமாண்டரு” என்று சல்யூட் அடிப்பீர்கள்.

எழுபத்து மூன்றில் பெட்டியோடு ஜங்ஷனில் இறங்கினீர்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பட்டறையில் விருந்து என்றதும் ஒன்றே ஒன்று சொன்னீர்கள்: “என்ன வேணா செய்யி, வெடி மட்டும் வேணாம்.” ஏன் என்று நான் கேட்கவில்லை. சூளை பார்க்கும் சூசையிடம் அப்படியே சொன்னேன்.

“வெடி இல்லாம ஒரு விசேஷமாம்மா? எழவு வூட்டுக்கே வெடி போடுறாங்க.”

“சொன்னதச் செய்யி சூசை. வாயாடாத.”

நான் சொன்னதைத்தான் அவன் செய்தான். சூளை பிரிக்கும்போது முதலில் வெளியே வரும் ஜாடியைத் திருஷ்டிக்காகச் சுவரில் அடித்து உடைப்பது நம் ஆட்களின் வழக்கம். பைலட்டு ஐயாவுக்கு ஒரு ஜாடி எந்த மூலைக்கு என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. விரிசல் விட்டுக் கழித்துப் போட்ட ஊறுகாய் ஜாடிகளையெல்லாம் பொறுக்கி, ஆள் உயரத்துக்குப் பலகை மேல் பலகையாக அடுக்கி, அடியில் கயிறு கட்டியிருந்தார்கள். வெடியில்லாத வெடி. எனக்குக்கூடச் சொல்லவில்லை.

மங்கலம்பேட்டை பாய் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்தார். உங்கள் கழுத்தில் மாலை விழுந்தது. “வாங்க பைலட்டையா, முன்னால வந்து நில்லுங்க” என்று சூசை உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அதே நேரம் யாரோ கயிற்றை இழுத்தார்கள்.

ஜாடிகள் கொட்டி அடங்குவதற்குள் சூசை தரையில் கிடந்தான். அவன் நெஞ்சின் மேல் உங்கள் முட்டி. ஒரு கை கழுத்தை அழுத்த, இன்னொரு கை முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் தாடை உடைந்த சத்தம் தனியாகக் கேட்டது. ஜாடி அப்படி உடையாது. இழுக்க வந்த ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு ரத்தத்தோடு உட்கார்ந்தான். உங்கள் கை தரையைத் துழாவி, கத்தி மாதிரி ஒரு சில்லை எடுத்தது. கண்ணைப் பார்த்தேன். அதில் விருத்தாசலமும் இல்லை, நானும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக உங்கள் பேரைச் சொல்லிக் கத்தினேன். கேட்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த ஜாடிப் பலகையை எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினேன்.

சில்லு விழுந்தது. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டீர்கள்: “உனக்கு எங்கயாச்சும் அடி பட்டுச்சா?”

பாயின் வேனில் சூசையைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவன் தம்பிகள் இரண்டு பேர் சவுக்குக் கட்டையோடு வந்தார்கள். முற்றத்தில் லோடு ஏற்ற வைத்திருந்த ஜாடிகளை வரிசையாக அடித்து நொறுக்கினார்கள். கட்டுப் போட்ட தோளோடு நீங்கள் வெளியே போனீர்கள். ஒவ்வொரு ஜாடி உடையும்போதும் கண்ணை இறுக மூடித் திறந்தீர்கள். ஆனாலும் போனீர்கள்.

“என்னை அடிங்க. ஜாடிய வுடுங்க. அது அவ சம்பாத்தியம்.”

அடித்தார்கள். நெற்றி பிளந்து புருவம் வழியாக ரத்தம் இறங்கியது. நீங்கள் கையை உயர்த்தவே இல்லை. அதைப் பார்த்து, ஓங்கிய கட்டை அடிக்காமல் தானாகத் தாழ்ந்தது. “அண்ணன் வாயத் தொறக்கட்டும். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா கொலை முயற்சிக் கேஸு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. மூன்று சண்டையிலிருந்து முழுசாக வந்த மனிதர் சொந்த ஊரில் ஜெயிலுக்குப் போவதா, இல்லையா என்பது சூசை கையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். பேச்சு இல்லை. அவன் பெண்சாதி மதலேனுக்கு அவன் பங்கும் சேர்த்துப் பேச்சு இருந்தது.

“பாகிஸ்தான்காரன்கிட்ட காட்ட வேண்டியத எம் புருசன்கிட்டயா காட்டுறது? கஞ்சிய குழாயில வுடுறாங்க, பாருங்க! நல்லாப் பாருங்க!”

நான் வியாபாரி. எவ்வளவு வேண்டும் என்று பேச்சை எடுத்தேன். நீங்கள் என்னைத் தள்ளிவிட்டுச் சூசையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தீர்கள்.

“போன சண்டையில, சூசை, எம் முன்னாடி கண்ணாடி இப்புடித்தான் கொட்டுச்சு. பக்கத்துல ஓட்டிக்கிட்டு இருந்த பையன் எம் மணிக்கட்டைப் புடிச்சான். கழுத்துல பாதி இல்ல. உசுரு போயும் வுடல. அந்தக் கையோடதான் கீழ எறக்குனேன். தரையில ரெண்டு பேரு வந்து அவன் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சாங்க.”

எனக்கும் அது அன்றுதான் தெரியும். சூசை உங்கள் பக்கம் திரும்பினான். பிறகு விரலால் ஏதோ காட்டினான்.

“அந்தப் புள்ள பேரு என்னன்னு கேக்குறாரு” என்றாள் மதலேன்.

“குர்தீப்.”

“நானா இருந்தா ஸ்டேஷனுக்குத்தான் போவேன். இந்த மனுசன் கிறுக்கு. தாடை தொங்குது, பேரு விசாரிக்குது.” சொல்லிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சூசை மறுபடி கையை ஆட்டினான். அவள் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். “காசு வேணாமாம். கேஸும் வேணாமாம். தாடை கூடுற வரைக்கும் அவரு சூளைய நீங்கதான் எரிக்கணுமாம், ஒத்தக் கையா இருந்தாலும். இனிமே உங்க கையத் தொடுறவன் மொதல்ல தன் பேரச் சொல்லிட்டுத்தான் தொடணுமாம். அப்புறம், சூளை பிரிச்சா மொத ஜாடிய நீங்களே ஒடைக்கணுமாம். நாமளா ஒடைச்சா காதுக்கு அது வேற சத்தமாம்.”

முதல் தடவை உடைத்துவிட்டுச் சூளைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தீர்கள். இரண்டாவது தடவையும் அப்படித்தான். தேறுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சூசைக்கும் வாய் கோணலாகவே கூடியது. “சிரிச்சா பாதிதான் வருது, மீதி உங்ககிட்ட இருக்குது” என்று உங்களிடமே சொல்வான். பூசை, பொங்கல் தவறினாலும் அந்த ஜாடி தவறவில்லை. கடைசியாக நீங்கள் உடைத்தபோது, சில்லு பறந்து என் காலில் பட்டதற்குச் சிரித்தீர்கள்.

இன்று காலை முதல் ஜாடியை எடுத்துக்கொண்டு அவன் என்னிடம் வந்தான். “அம்மா, சூசை வந்திருக்கேன்” என்று சொன்ன பிறகுதான் கிட்டே வந்தான்.

“அந்தப் பேச்சுக்கு ஒத்துக்கிட்டவரு போயிட்டாரே சூசை. இன்னும் எதுக்கு?”

“நான் இருக்கேன்ல. ஒரு யாவாரி ஒரு பக்கமா பேச்ச முறிச்சுக்கிட்டா நீங்க அந்த ஆளுக்குச் சரக்கு குடுப்பீங்களா?”

கொடுக்க மாட்டேன். ஆகவே சூளை வாசலில் நின்றபடியே பேசி முடித்தோம். சூளை பிரிக்கும் நாளெல்லாம் முதல் ஜாடி உங்களுடையது. எறியும் கை என்னுடையது. கையில் கொடுக்கும்போது சூசை தன் பேரைச் சொல்ல வேண்டும். எறியும்போது நான் உங்கள் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.