மலை வெடிப்பை அளந்த வகுப்பு

இன்று காலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், மலைப் பாறையில் மங்கிப்போன உன் கோடுகளைப் புதுப்பிக்கச் சிவப்புப் பெயிண்ட் டின்னைத் திறந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் நினைவில் நீ வகுப்பறைக்குள் வந்துவிட்டாய், சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. "இன்னைக்கு உன் பாடத்தயும் எனக்கே குடுத்துரு" என்று கேட்டபடி.

நீ விஞ்ஞானம், நான் தமிழ். நீ அட்டன் டவுனில் கடை வைத்திருந்த வீட்டுப் பெண். நான் இதே தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். கீழ் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது என்று ஒரு மாணவி சொன்ன அன்று, நடத்திக்கொண்டிருந்த பாடத்தை அப்படியே விட்டுவிட்டு நீ அதைப் பார்க்க ஏறினாய்.

வெடிப்பின் இரண்டு பக்கமும் முளையடித்து, வாரந்தோறும் இடைவெளியை அளக்க ஆரம்பித்தீர்கள். கணித வகுப்பில் அது வரைபடமானது. என் வகுப்புப் பிள்ளைகள், முன்பு எங்கெல்லாம் மண் சரிந்தது என்று லயத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்தார்கள். சிங்களப் பாடத்தில் கிராம சேவகரிடம் இதை எடுத்துச் சொல்லப் பழகினார்கள். கொழுந்து பறித்து முடித்த தாய்மார் களைப்போடு பள்ளி மண்டபத்துக்கு வந்து பிள்ளைகள் சொன்னதைக் கேட்டார்கள். மலை இறங்கினால் யார் யாரைத் தூக்குவது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு அது பிடிக்கவில்லை. பள்ளி அதிபரின் அறைக்கே வந்துவிட்டார். "சனங்கள பயப்படுத்துறீங்க. நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டாங்க."

அதிபர் தரையைப் பார்த்தார். நீ துரையைப் பார்த்தாய். "பயப்படுத்துறது நாங்க இல்லீங்க, அந்த மலைதான். ஒருக்கா வந்து அளந்து பாருங்க."

அவர் வரவில்லை. சில நாளில் முளைகளை யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். நீ பெயிண்ட் வாங்கி வந்து இரண்டு பக்கத்துப் பாறைகளிலும் கோடு போட்டாய். "இத எப்படிப் பிடுங்குறாங்கன்னு பார்ப்போம்" என்றாய்.

அந்த வருட மழை விடவே இல்லை. ஒரு மதியம் இரண்டு தகப்பன்மாரோடு போய் அளந்துவிட்டு, சேறும் சகதியுமாக ஓடி வந்தாய். யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் பள்ளி மணியை அடித்துக்கொண்டே இருந்தாய். மண்டபத்துச் சாவியைக் கொண்டுவந்து தந்தது அதே அதிபர்தான். தாய்மார் கொழுந்துக் கூடையோடே மலையிலிருந்து இறங்கினார்கள். கீழ் லயம் முழுவதும் மண்டபத்துக்குள் வந்து சேர்ந்தது. வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கியது. பாதி லயம் மண்ணுக்குள் போனது. அதற்குள் ஒரு உயிர்கூட இல்லை. நீ வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாய்.

வேறு இடத்தில் புது வீடு தருகிறோம் என்றார்கள் அதிகாரிகள். மழை விட்டதும், மிஞ்சிய பாதி லயத்துக்கே திரும்பிப் போகச் சொன்னார்கள். நீ ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. புற்றுநோய் உன்னை எலும்பாக்கிய பிறகும், தலையில் துணி கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தாய். பஸ்ஸில் நான் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு, "அழுதுகிட்டு இருக்காத. எனக்குப் பொறகு நீ போய்க் கேளு" என்றாய்.

போன வாரம் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். பிள்ளைகளும் பெற்றோரும் கூட வந்தார்கள். சின்னப் பிள்ளைகளை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள் என்று அதிகாரி சிங்களத்தில் என்னைக் கடிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு மாணவி எழுந்து, நிதானமாக, சிங்களத்திலேயே பதில் சொன்னாள்: "நாங்கதான் சார் அங்க தூங்குறோம்."

வீடு கட்டக் காணி பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்றார். நான் நம்பவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் மனதை ஆற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நீ விட்டுப்போன கோபம் என்னிடம் அப்படியே சூடாக இருக்கிறது. கடைசிக் குடும்பமும் அந்த லயத்தை விட்டு வெளியேறும்வரை அதை ஆறவிட மாட்டேன்.