ஜெனிக்கு நான் சொன்ன பதில்

செவ்வாய், ஜூலை 8

வெயில். மிளகாய் காயப்போடவில்லை.

“எடுத்துட்டா பாவமா டீச்சர்?” சனிக்கிழமை ஜெனி கேட்டது. மாடி அறைப் பெண். சொந்த ஊர் தூத்துக்குடி, ஒரகடம் தொழிற்சாலையில் லைன் வேலை. வாசலில் கம்பெனி வேன், கையில் ஸ்கேன் கவர். “கருவ ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்னு சொல்லுதாங்க.”

தேங்காய் துருவிக்கொண்டே சொன்னேன்: “பாவம்தான். உயிர் ஆண்டவர் கொடுத்தது.”

கவரைப் பார்த்தேன். வாங்கவில்லை.

இன்று லைனில் மயங்கி விழுந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி வந்து கத்தினாள்.

“இன்னா டீச்சர் நீ! கரு கொழாயில கீதுன்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாராம். நீ பாவம்னு சொன்னதுக்கு அந்தப் பொண்ணு வலிய தாங்கிகினு இருந்துகீது!”

கருக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆபரேஷன் நடக்கிறது. செபமாலை எடுத்தேன்.

புதன், 9

பிழைத்துவிட்டாள். ஒரு பக்கக் குழாய் போயிற்று.

பங்குத்தந்தையிடம் போனேன். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். “நேரடியாகக் கருவை அழிப்பதைத்தான் திருச்சபை மறுக்கிறது டீச்சர். குழாயில் தங்கினால் அந்தக் குழாயையே எடுக்கலாம். தாயைக் காக்கும் சிகிச்சை. கரு இறப்பது நாம் நாடியதல்ல. ஒரு போன் செய்திருக்கலாமே?”

முப்பது வருடம் ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவள். கேள்வி முடியுமுன் விடை சொல்லும் பிள்ளைக்குத்தான் புனிதர் படம் பரிசு கொடுப்பேன்.

வியாழன், 10

மழை தூறல். தங்கை மேரி போன். இஸ்ரேலில் ஒரு யூதப் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். பாட்டியின் மகன் வேதச் சட்டம் படித்தவர். நேற்று நான் சொன்னதை வைத்து அவரிடம் கேட்டாளாம்.

அவர்களிடம் முதல் கேள்வியே தாய்க்கு ஆபத்தா என்பதுதானாம். பிரசவத்தின்போதுகூட, தலை வெளியே வரும்வரை தாய் உயிர்தான் முதல். எடுப்பது அனுமதி மட்டுமல்ல, கடமை. தலை வந்துவிட்டால் இரண்டும் சம உயிர். “அதுக்காக சும்மா கலைக்க விடமாட்டாங்கக்கா. கரு அவங்களுக்கும் பெருசுதான்.”

நாம் கரு உருவான நொடியிலிருந்தே முழு மனித உயிர் என்கிறோம். அவர்கள் அப்படி எண்ணுவதில்லை. பெரிய வித்தியாசம். ஆனால் ஜெனி விஷயத்தில் இரண்டு வழியும் ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்கின்றன. தடுத்தது நான் ஒருத்தி.

பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கை முழுசாகப் படிக்காமல் விடை எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன்.

வெள்ளி, 11

ஆஸ்பத்திரி. இட்லி, புதினாச் சட்னி கொண்டுபோனேன். ஜெனியின் புருஷன் அருள் பாத்திரத்தைத் தொடவில்லை. “ஒங்கள நம்பித்தான டீச்சர் அவ போகாம இருந்தா,” என்றான். சுவரைப் பார்த்து.

ஜெனி மெல்லக் கேட்டாள்: “நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமா டீச்சர்?”

“நீ இல்லம்மா. நான்.”

“அழாதீங்க. நான் முழுசா சொல்லல.”

நான் கேட்கவில்லை.

இனி யார் பாவமா என்று கேட்டாலும்: தேங்காயைக் கீழே வை. கவரை வாங்கிப் படி. பிறகு வாயைத் திற.