கோல்ஃப் பை எங்கள் வீட்டில் தங்கிய நான்கு நாள்

ஜூலை 4, திங்கள்

காற்று. மழை இல்லை. மலை மேல் மட்டும் மூட்டம். காலையிலேயே மானம் போயிற்று.

மு. மலேசியா போகிறார், கோல்ஃப் விளையாட. (மு. என்றால் முதலாளி. இந்த டைரி யார் கையிலாவது சிக்கினால் முனியசாமி என்று சொல்லிக்கொள்ளலாம்.) நம் கம்பெனி பேண்டேஜ் துணியை வாங்குகிற பினாங்கு பார்ட்டி கூப்பிட்டிருக்கிறாராம். கடலோரம் ஓட்டல், ஓட்டலை ஒட்டியே மைதானம், நான்கு நாள். ஏற்பாடு பூராவும் என் தலையில். "ஆறுமுகம், நீதான டெஸ்பாட்ச் பாக்க? பேண்டேஜ அனுப்பத் தெரிஞ்சவனுக்கு ஆள அனுப்பத் தெரியாதா?" என்றார். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இது பெருமைதான் என்று நேற்று வரை நினைத்திருந்தேன்.

எஸ்.டி.டி. பூத்தில் மெட்ராஸ் டிராவல்ஸ்காரரைப் பிடித்தேன். லைனில் ஒரே இரைச்சல். கத்தினால்தான் அவருக்குக் கேட்கிறது. "மைதானம் ஒன்பது குழியா, பதினெட்டுக் குழியா சார்?" என்றார். எனக்கு வாழைக்கன்று நடுகிற ஞாபகம்தான் வந்தது. "குழியெல்லாம் அங்கனயே தோண்டித் தந்துருவாகல்லா? இல்ல, இங்கேருந்து ஆள் கூட்டிட்டு வரணுமா?" என்று கத்தினேன்.

கண்ணாடிக் கதவு சரியாக மூடியிருக்கவில்லை. வெளியே ஏழு பேர் வரிசை. பூத்துக்காரன், "அண்ணாச்சி, மம்பட்டி யார் பொறுப்புன்னும் கேட்டுக்கோங்க" என்கிறான்.

வீட்டில் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் மகள் வசந்திக்குத் தெரிந்துவிட்டது. "எப்பா, பந்து விழுறதுக்குத்தான் குழி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பிளஸ் டூ முடித்த பிள்ளை. சிரிக்கட்டும்.

செய்ய வேண்டியது:
பினாங்குக்கு ஃபேக்ஸ்.
மு.வுக்கு வெள்ளைத் தொப்பி.
பார்ட்டிக்குப் பால்கோவா, ஸ்ரீவில்லிபுத்தூரில்.
குடை வேண்டாம் (வெயில் நிச்சயம் என்று டிராவல்ஸ்காரர் சொன்னார்).
வசந்திக்கு ஹாஸ்டலுக்கு வாளி, பாய், பூட்டு.
15-ம் தேதி லீவை மு.வுக்கு ஞாபகப்படுத்த.

ஜூலை 6, புதன்

மு. பழகுகிறார். எங்கே? வெளுத்த துணி கொடியில் காய்கிற வெளியில். அந்த இடத்துக்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் எவன் புண்ணையோ கட்டப்போகிற துணி. இவர் ஷூவோடு நடக்கிறார், மட்டையால் மண்ணைக் கிளப்புகிறார். ஒன்பது வீச்சில் ஒரு வீச்சு பந்தில் பட்டது. அது நேராகப் போய் மூன்றாம் கொடித் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியேறியது. "எப்பிடிப் போச்சு பாத்தியா!" என்கிறார் என்னிடம். பார்த்தேன். கிழிந்த துணியைச் சுருட்டியதும் நான்தான்.

துணி மடிக்கிற பாக்கியம் வந்து நின்றாள். "அண்ணாச்சி, முதலாளி பாம்பா அடிக்காக?"

"பாம்பு இல்ல தாயி, பந்து."

"பந்து வச்ச எடத்துலயே சிவனேன்னு கெடக்கு. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

சிரிப்பை அடக்க இருமினேன். மு. திரும்பிப் பார்த்து, "தண்ணி குடிப்பா" என்றார்.

லீவை ஞாபகப்படுத்தினேன். "அதான் போன மாசமே சொல்லிட்டேனே, போயிட்டு வா" என்றார். நல்லது. 15 வெள்ளி காலை பத்து மணிக்கு மதுரையில் வசந்தியைக் காலேஜில் சேர்க்க வேண்டும், ஹாஸ்டலும் அன்றே. தகப்பனார் நேரில் வர வேண்டும் என்று லெட்டரில் அச்சடித்திருக்கிறது. அன்று சேராவிட்டால் சீட் அடுத்த பிள்ளைக்கு. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை இதுவரை பார்த்தவன் நான் ஒருவன்தான். அதுவும் பேண்டேஜ் லாரியில் போகும்போது, ரோட்டிலிருந்து.

ஜூலை 8, வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே. மு. வீட்டம்மா ஆண்டாளைச் சேவிக்காமல், ஜோசியரைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டார். கேட்டு வரும் வேலை எனக்கு.

ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்ன காரியமாப் போறார்?"

"வெளையாட, சாமி."

"ஓடணுமா?"

"இல்ல, நடக்கணுமாம். ஒரு பந்தத் தட்டிட்டு அது பின்னாலயே நடக்கணும்."

"நடக்கறதுக்கா கடல் தாண்டிப் போறார்?"

இந்த ஒரு கேள்விக்காக அவருக்குத் தட்சணை வைக்கலாம்.

விமானம் 15 வெள்ளி ராத்திரி. அதற்கு இங்கிருந்து ரயில் ஏறுவது 14 வியாழன் சாயங்காலம். அங்கேதான் சிக்கல். புதன் மத்தியானம் தொடங்கி வெள்ளி வரை மு.வுக்குச் சந்திராஷ்டமம், வீட்டை விட்டுப் பயணம் கிளம்பக் கூடாது. டிக்கெட்டை மாற்றவும் முடியாது. ஜோசியர் வழி சொன்னார்: பரஸ்தானம். 11 திங்கள் காலை நல்ல நேரத்தில் மு.வின் பயணச் சாமான் ஒன்றைப் போகிற திசையில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அவரே அன்று புறப்பட்டதாகக் கணக்கு. வைத்த சாமான் திரும்ப அவர் வீட்டு வாசல் ஏறக் கூடாது.

மெட்ராஸ் வடக்கே. மு. பங்களாவுக்கு வடக்கே, தெரிந்த வீடு, சொன்னால் கேட்கிற வீடு எது? நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீடு வடக்கதாம்மா இருக்கு" என்று மு. வீட்டம்மாவிடம் நானே சொன்னேன்.

பால்கோவா அரைக் கிலோ. தூக்குச்சட்டியில் தனியாகக் கொஞ்சம், நமக்கு.

ஜூலை 11, திங்கள்

காலை எட்டுக்குள் வந்துவிட்டது. கார் முன்சீட்டில். என்னை ஒருநாளும் அந்தச் சீட்டில் உட்காரவிட்டதில்லை. கறுப்புத் தோல் பை, என் இடுப்புக்கு மேல் உயரம், உள்ளே பதினான்கு மட்டை. வீட்டம்மா மஞ்சள் குங்குமம் வைத்து, பூச் சுற்றி, சூடம் காட்டினார். என் மனைவி பொன்னு தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். "தரையில வைக்காதீங்க. ஆள் நடக்கிற எடத்துல வைக்காதீங்க" என்று உத்தரவு.

இருப்பது இரண்டு அறை. ஆள் நடக்காத இடம் உத்தரம்தான். கடைசியில் மர பெஞ்சு மேல் நிறுத்தினோம். பெஞ்சு மேல் இருந்தது வசந்தியின் தகரப் பெட்டி; ஹாஸ்டலுக்கு நான் அடுக்கி வைத்தது. அது கீழே இறங்கியது. பெட்டி தரையில், குச்சி சிம்மாசனத்தில்.

தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுக்காரர், "ஆறுமுகம், எந்தக் கோயில் சாமிப்பா?" என்கிறார்.

ஜூலை 12, செவ்வாய்

கோபத்தில்தான் எழுதுகிறேன்.

மு. கூப்பிட்டார். "பரஸ்தானம் வச்ச சாமானக் கண்டவன் தூக்கக் கூடாதாம். வச்ச வீட்டு ஆள்தான் கொண்டு வரணுமாம். வியாழக்கிழம ரயில்ல மெட்ராஸ் வரைக்கும் வந்துரு."

"முதலாளி, வெள்ளிக்கிழம மகளக் காலேசுல..."

"அம்மா போகட்டும்யா. பொம்பளப் பிள்ளைக்குப் பொம்பள தொணைதான் அழகு."

"தகப்பனார் வரணும்னு லெட்டர்ல போட்டிருக்கு முதலாளி."

"அதெல்லாம் சும்மா போடுவாங்க. ஏர்போர்ட்டுல விட்டுட்டு மறுநாள் போய்ப் பாத்துக்கோ."

மறுநாள் எதைப் பார்க்க? அடுத்த பிள்ளை உட்கார்ந்திருக்கும் சீட்டையா? பதினாறு வருசத்தில் நான் எடுத்த லீவு, அம்மை போட்டபோது ஒரு தடவை. அதையும் அவர்தான் எடுக்கச் சொன்னார், ஒட்டிக்கொள்ளும் என்று.

வீட்டில் சொன்னேன். வசந்தி பெட்டியைத் திறந்து, அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். பொன்னுதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"யாரு லீவு இல்லன்னது?"

"முதலாளிதான்."

"அவியதான் நேத்தே பொறப்பட்டாச்சே! அதுக்குத்தான சூடம் காட்டுனோம்? ஊருல இல்லாத மனுசர் எப்பிடி லீவு இல்லம்பாரு?"

எட்டாவது படித்தவள். இவளை ஏன் யாரும் வக்கீலுக்குப் படிக்க வைக்கவில்லை?

ஜூலை 13, புதன்

பொன்னு சொன்னதை மு.விடமே சொல்லிவிட்டேன். குளிக்கும்போது நான்கு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான். "முதலாளி, திங்கக்கிழமையே நீங்க ஊருல இல்லாத கணக்கு. லீவ நானேதான எடுத்துக்கணும்?"

விழுந்து விழுந்து சிரித்தார். கணக்கரைக் கூப்பிட்டு அவருக்கும் சொல்லிச் சிரித்தார். முதுகில் தட்டினார். "நல்லாப் பேசுதய்யா. நாளைக்கு அஞ்சு மணிக்கு ஸ்டேசனுக்கு வந்துரு."

என் நியாயம் எனக்கே ஜோக்காகத்தான் வாயில் வருகிறது. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கோபப்பட்டாலும் யார் நம்புவார்கள்?

ஜூலை 16, சனி

வீடு வந்தாயிற்று. காலையில்தான். உடம்பெல்லாம் வலி. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வியாழன் ரயில். மு. முதல் வகுப்பில். பொன்னுவும் வசந்தியும் அதே ரயிலில் மதுரை வரை, என்னோடு. மதுரையில் பொன்னுவின் தங்கை வீட்டில் தங்கி மறுநாள் காலை காலேஜ். பையைக் கீழே வைக்கக் கூடாது என்பதால் மடியில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன், காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிய ஓர் ஆள், "என்ன வாத்தியம் அண்ணாச்சி, வாசிங்க கேப்போம்" என்றான். வசந்தி சிரித்தாள். அதுவரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

மதுரையில் கூட்டம். பொன்னு வாளியும் பாயும். வசந்தி அந்தத் தகரப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து, இடித்துக்கொண்டு இறங்கினாள். நான் வாசல்படியில், கையில் மு.வின் குச்சிகள். அவள் பத்தடிக்கு ஒரு தடவை பெட்டியை இறக்கிக் கை மாற்றினாள். பெட்டியின் கனம் எனக்குத் தெரியும். நான்தானே அடுக்கினேன். திரும்பிப் பார்த்து, "எப்பா, குச்சி பத்திரம்!" என்றாள். ரயில் நகர்ந்தது.

ஏர்போர்ட். அந்தப் பை, பூச் சுற்றிய பை, தரையில் படாமல் நான் சுமந்த பை. கவுண்டர்க்காரர் ஒரு சீட்டை ஒட்டி, ஒற்றைக் கையால் பொத்தென்று தூக்கிப் போட்டார். மு. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் "பாத்து சார்" என்றேன். வெட்கம்.

காலேஜ் கதை பொன்னு சொன்னது. கிளார்க், "அப்பா எங்கம்மா?" பொன்னு உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்: "அவிய முதலாளியோட வெளையாட்டுச் சாமானத் தூக்கிட்டு மெட்ராஸ் போயிருக்காக." ஆபீஸே சிரித்ததாம். வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். பத்து மணிக்குப் போனவர்கள் மூன்று வரைக்கும் பெஞ்சில். பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அப்பா இருந்தார்களாம். பொன்னு இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கடைசியில் வசந்தியே ஒரு தாள் வாங்கி இங்கிலீஷில் லெட்டர் எழுதி, பொன்னு கையெழுத்துப் போட்டதும், பிரின்ஸிபால் அம்மாளிடம் நேராகப் போய் நீட்டியிருக்கிறாள். படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்களாம்.

"லெட்டர்ல என்ன எழுதுனா?" என்று கேட்டேன்.

"எனக்கு வாசிச்சுக் காட்டல. நீங்க போயிக் கேளுங்க."

ஜூலை 20, புதன்

வெயில். மூன்றாம் கொடியில் புதுத் துணி. மு. இல்லாததால் துணி நிம்மதியாகக் காய்கிறது.

வசந்தி கார்டு. சாப்பாடு பரவாயில்லை. அறையில் நான்கு பேர். இங்கிலீஷ் வகுப்பில் பாதி புரிகிறது, மீதியும் புரிந்துவிடும். 'எப்பா, இங்கே பெரிய மைதானம் இருக்கிறது. குழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாம்.' மூன்று தடவை வாசித்தேன். பெஞ்சு காலியாக இருந்தது. கார்டை அதன் மேல் வைத்தேன்.

ஜூலை 22, வெள்ளி

மு. வந்துவிட்டார். பினாங்கில் நான்கு நாளும் அடைமழையாம். பையை அவிழ்க்கவே இல்லையாம். ஓட்டல் ஜன்னலோரம் உட்கார்ந்து, மைதானத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். குடை ஏன் வைக்கவில்லை என்று எனக்கு ஒரு திட்டு. அது போகட்டும்.

பிறகு ஆபீஸில் எல்லாரும் இருக்கும்போது, கணக்கர், பாக்கியம், டிரைவர் எல்லாரும் கேட்க: "நேரமெல்லாம் சரியாத்தான்யா குறிச்சோம். பரஸ்தானம் வச்ச வீடு சரியில்ல. அடுத்த தடவ வேற வீடு பாக்கணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சரி முதலாளி" என்றேன்.

சொல்லாதது: அதே வீட்டிலிருந்து, அதே வியாழக்கிழமை, ஜோசியரைக் கேட்காமல் ஒரு தகரப் பெட்டியும் கிளம்பிற்று முதலாளி. அது போய்ச் சேர்ந்துவிட்டது.