வளைந்த பம்பு

மச்சான்,

இன்று காலை மகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்க, உன் தங்கை ஸ்டோர் ரூமிலிருந்து அந்தப் பழைய இரும்புப் பம்பைத் தேடி எடுத்து வந்தாள். நடுவில் வளைந்த பம்பு. அடிக்க அடிக்கக் கிறீச்சிட்டது.

"இது ஏம்ப்பா வளஞ்சிருக்கு?" என்றாள் மகள்.

"கீழ விழுந்துருச்சு லா" என்றேன். உன் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீயும் நானும் வருடக் கடைசி லீவில் நம் ஊர் டுரியான் துங்காலிலிருந்து சைக்கிளில் கிளம்புவது வழக்கம். பம்பு வளைந்த அந்த வருடம் கேமரன் மலை. உன் தங்கைக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவது தங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறக்கத் தைப்பூசக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, இரவில் ஒரு வேளை சைவச் சோறு மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தேன்.

"வெறும் வயித்துல மலைக்கு வராத மச்சான். அடுத்த வருசம் போவோம்" என்றாய்.

"முருகன் பாத்துக்குவாரு. நீ பேசாம மிதி" என்றேன். என் வாய் எப்போதும் அப்படித்தான்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும் நாளில்தான் மழை பிடித்தது. சரளைக் கல்லை வாரி முகத்தில் அடித்தது போல மழை. அந்தக் குளிரில் விரல்கள் மரத்து, பிரேக்கைப் பிடிக்க முடியாமல் ஒரு வளைவில் இரும்புத் தடுப்பில் போய் மோதினேன். முழங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. வலிக்கவே இல்லை. தூக்கம்தான் வந்தது.

நீ என் சட்டையைப் பிடித்து, பெத்தாய்க் காய் விற்கும் காலிக் குடிசை ஒன்றுக்குள் தரதரவென்று இழுத்துப் போனாய். "தூங்காதடா" என்று கன்னத்தில் அறைந்தாய். நான் கண்ணை மூட மூட அறைந்தாய். பிறகு என் மார்பில் முழங்காலை ஊன்றி, உனக்காக வாங்கி வைத்திருந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சோற்றை என் வாயில் திணித்தாய். நெத்திலியின் வாடை மூக்கில் ஏறியதும்தான் எனக்கு முழிப்பே வந்தது.

விரதம் போச்சு. மூன்றாவது பிள்ளையும் போச்சு. அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

கைக்குக் கிடைத்தது என் பையிலிருந்த பம்பு. முதல் வீச்சில் அது குடிசைத் தூணில் பட்டு வளைந்தது. இரண்டாவது உன் வாயில். உன் முன்பல் ஒன்று தெறித்துச் சோற்றில் விழுந்தது. "என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்ன வெட்டிருவேன்" என்று கத்தினேன். அதுவரை என்னை விடாமல் அறைந்த நீ, அதற்கு ஒரு அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு அடுத்த பிடியை உருட்டினாய்.

"அப்புறமா வெட்டு. இப்பத் தின்னு" என்றாய்.

தின்றேன். உன் ரத்தமும் அதில் இருந்தது.

அந்தத் தைப்பூசத்துக்கு நான் காவடி எடுக்கவில்லை. உன்னை வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்றேன். மகள் குறையில்லாமல் பிறந்தாள். பிள்ளையைப் பார்க்க நீ வந்து கேட்டுக்கு வெளியே நின்றாய். உன் தங்கை அழுதாள். நான் சாவியைக் கொடுக்கவில்லை. பிறகு கோபம் தணிந்து வெட்கம் வந்தது. கோபத்தைவிட அதுதான் என்னை உன் வாசலுக்கு வரவிடாமல் பிடித்துக்கொண்டது. நாலு வருடம் போய்விட்டது மச்சான். போன வருடம் சுங்கை ரம்பாய் சாலையில் அந்த லோரி உன்னைச் சைக்கிளோடு இழுத்துக்கொண்டு போனது.

உடலைக் கொண்டு வந்தபோது முகத்தில் கீறல்கூட இல்லை. வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டார்கள். உன் பற்கள் இறுகிக் கிடந்தன. எல்லாரும் போட்ட அரிசி உதட்டிலிருந்து சரிந்து கன்னத்தில் கொட்டிக் கிடந்தது.

"சீக்கிரம் போடுங்க, நேரமாச்சு" என்றார் யாரோ ஒரு பெரியவர்.

குனிந்தேன். நான் உடைத்த பல்லின் இடம் அப்படியே இருந்தது. நீ கட்டிக்கொள்ளவே இல்லை. அந்த ஓட்டை வழியாக என் அரிசி மட்டும் உள்ளே போனது. விரல் நுனி அதன் ஓரத்தில் உரசியது.

இப்போது தினமும் அந்த விரல்களால்தான் மகளுக்குச் சோறு ஊட்டுகிறேன்.