நாக்கை நீட்டினால் மானம் போகுமா?

தம்பி,

நான் கிடங்கு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அப்பாவுக்கு மசித்த சோறு அடுப்பின் மேல் இருக்கிறது. ஊட்டுவதற்கு முன் ஈறு, நாக்கு, அண்ணம் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடை. பல்லில்லாத வாயில் என்ன அழுக்கு என்று கேட்காதே. அந்த அழுக்கு எச்சிலோடு நுரையீரலில் இறங்கிச் சளி கட்டித்தான் போன மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

போன வாரம் உன் கூட்டாளிகள் வந்தபோது அப்பா கூடத்தில் நாக்கை நீட்டி மடக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தார். "உள்ள போய்ப் பண்ணுப்பா, மானம் போகுது" என்றாயே, அது என்ன குரங்குச் சேட்டையாடா? ஒழுங்காக விழுங்க ஆஸ்பத்திரி தெரபி அம்மா சொல்லித் தந்த பயிற்சி. தோளோ தொண்டையோ, வேலை கொடுக்காவிட்டால் சோர்ந்துதான் போகும். அன்றிலிருந்து அவர் அதைச் செய்வதே இல்லை. நேற்று இரண்டு வாய் டீக்கே புரையேறி மூச்சு முட்டியது. நீ போனில் சிரித்துக்கொண்டிருந்தாய்.

அவர் நடுச்சந்தையில் மூட்டை சுமந்தபோது போகாத மானம், நாக்கை நீட்டினால் போய்விடுமா?

இன்று கண்ணாடி முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் செய். எவன் வந்தாலும் நிறுத்தாதே.

சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது.

சாப்பிட்டவுடன் அவரைப் படுக்க விடாதே. அரைமணி நேரம் நிமிர்ந்து உட்காரட்டும்.

இன்னொன்று. காலையில் பயிற்சிக்குக் கூப்பிட்டேன். "உன் தம்பி வெளிய போகட்டும்மா, அப்புறம் பண்றேன்" என்றார்.

அதனால் இன்று நீ எங்கும் போகாதே.

அக்கா