ஹார்வுட் வீட்டு அடி

2012 பெப்ரவரி 12, ஞாயிறு

லோசானிலிருந்து இப்போதுதான் வந்தோம். தட்டில் வைத்த கேக்கை நான் தொடவில்லை. மனைவி செல்வராணி மரியாதைக்குக் கிள்ளி வாயில் போட்டாள்.

எங்கள் மகள் லக்சாயினியும் நிருசனும் மூன்று வருஷமாகப் பழகுகிறார்கள். பேசி முடிப்போம் என்றுதான் அவன் வீட்டுக்குப் போனோம். தகப்பன் குணசேகரம் எங்களை இருக்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடி அலுமாரியைத் திறந்து ஒரு பழைய பைபிளை எடுத்து வந்தார். முதல் பக்கத்தில் மங்கிய மையில் தொமஸ் ஹார்வுட் என்ற பெயர். கீழே இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டினம், தெருவின் பெயரோடு.

"எங்கட பூட்டன்ர தகப்பன். ஆயிரத்தெண்ணூத்தி முப்பத்தெட்டாம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து அரசாங்கக் கச்சேரியில துரையா இருந்து, அங்கயே கலியாணம் கட்டி அங்கயே செத்தவர். ஹார்வுட் எண்ட பேர் எங்களுக்குச் சும்மா வரேல்லை."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மகேஸ்வரன், குறை நினையாதையும். நீர் நல்லா உழைச்சனீர். ஆனா சாமான் நிறுத்து வித்து முன்னுக்கு வந்தது வேற, பரம்பரை அடி வேற. உங்கட அடியை எங்க போய் விசாரிக்கிறது?"

நிருசன் எழும்பி வெளியே போய்விட்டான். லக்சா காரில் ஃபிரிபூர்க் தாண்டும்வரை அழுதாள்.

நான் சுவிசுக்கு வந்து லுசேர்ண் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவியவன். ஓஸ்டர்முண்டிகனில் பலசரக்குக் கடை போட்டுப் பதினெட்டு வருஷம். என்னைச் சொன்னால் தாங்குவேன். என் பிள்ளையை இருத்தி வைத்துக்கொண்டு –

காரில் ஏறியதும் அந்தத் தெருப் பெயரைத் துண்டில் எழுதிவிட்டேன். விசாரிப்பம். உம்மட அடியை விசாரிப்பம்.

பெப்ரவரி 15

லக்சா சொல்கிறாள்: "விடுங்கோ அப்பா. நிருசன் தகப்பனோட கதைப்பார். கொஞ்சம் பொறுங்கோ."

பொறுத்து வளர்ந்த ஆள் இல்லை நான்.

மார்ச் 4

இங்கிலாந்தில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் ஆட்களை எழுதிய குடிக்கணக்குப் புத்தகங்கள் எல்லாம் இணையத்தில் கிடக்கின்றன. சந்தா கட்டினேன். தொமஸ் ஹார்வுட் என்று அடித்தால் நூற்றுக்கணக்கில் வந்து விழுகிறார்கள். ஆள் மாறினால் நான்தான் வெட்கப்பட வேண்டும். ஆனால் ஊரும் தெருவும் கையில் இருக்கிறதே. பெருமைக்குக் காட்டப்போய் மனுசன் விலாசத்தையும் தந்துவிட்டார்.

மார்ச் 18

பிடித்துவிட்டேன்.

கையெழுத்து, மொத்த வியாபாரி அவசரத்தில் கிறுக்கிய பில் மாதிரி. அதெல்லாம் வாசித்துப் பழகிய கண் என்னுடையது. 1841, அந்தத் தெரு. 1851, அதே தெரு. 1861, அதே தெரு, அதே வீடு. துரை யாழ்ப்பாணத்தில் குடும்பம் நடத்திய காலம் முழுக்க இங்கிலாந்தில் எண்ணப்பட்டிருக்கிறார். ஐம்பத்தொன்றிலும் அறுபத்தொன்றிலும் கலியாணமாகாதவர் என்றே எழுதியிருக்கிறது. கூட இருப்பது ஒரு தமக்கையும் ஒரு வேலைக்காரியும்.

தொழில்: பலசரக்குக் கடைக்காரர்.

நான் சிரித்த சத்தத்துக்குச் செல்வராணி ஓடி வந்தாள். "என்ன, லொத்தர் விழுந்திட்டுதோ?"

"அதுக்கும் மேல."

மார்ச் 19

குணசேகரம் என்ன மறுப்புச் சொல்வார் என்று யோசித்தேன். அது வேறொரு ஹார்வுட் என்பார். பைபிள் எப்படி எங்கள் வீட்டுக்கு வந்தது என்று கேட்பார். நியாயமான கேள்வி. அந்த ஊர்த் தேவாலயப் பதிவேடுகளைப் பார்க்கிற சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்தை இரண்டு தரம் திருத்தினேன். லக்சாவிடம் காட்டவில்லை.

மே 9

பதில் வந்தது. ஒரு வயதான பெண்மணி, பொறுமையாக ஆறு பக்கம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

ஞானஸ்நானம் அங்கே. அடக்கம் அங்கே, 1868-இல். இரண்டுக்கும் நடுவில் மனுசன் அந்தத் தெருவை விட்டு அசையவில்லை. அதோடு அந்தத் தேவாலயத்தின் மிசன் நிதிப் பட்டியல் ஒன்று. 1847 தொடங்கி 1858 வரை வருஷா வருஷம் ஒரே வரி: யாழ்ப்பாணத்து மிசன் பள்ளியில் தொமஸ் ஹார்வுட் என்று பெயரிடப்பட்ட பிள்ளையின் பராமரிப்புக்கு. ஒரு வருஷம் ஒரு பைபிளும் அனுப்பியிருக்கிறார்.

எனக்கு உடனே விளங்கியது. மிசன் பள்ளிகளில் அப்போது அதுதான் வழக்கம். எந்த வெள்ளைக்காரன் சோறும் உடுப்பும் கொடுக்கிறானோ அவன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். குணசேகரத்தின் பூட்டன்ர தகப்பன் அந்தத் துரை இல்லை, அந்தப் பிள்ளை. இங்கிலாந்து இரத்தம் ஒரு சொட்டு இல்லை.

பட்டியலில் பிள்ளையைப் பற்றியும் இருக்கிறது. வயது ஏழு. பெற்றோர் அறியப்படவில்லை.

அறியப்படவில்லையாம். என்னிடம் அடி கேட்ட வாய்!

கடிதத்தின் முடிவில்: "இதே மனிதரைப் பற்றி 2009-இல் லோசானிலிருந்தும் விசாரித்தார்கள். அவர்களுக்கும் இவற்றையே அனுப்பினேன்."

அப்ப குணசேகரத்துக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் என்னைக் கேட்டிருக்கிறான். தெரிஞ்சுகொண்டு என்ர பிள்ளையை அழ வைச்சிருக்கிறான்.

செப்ரெம்பர் 23

குணசேகரத்துக்கு அடுத்த மாதம் எழுபதாவது பிறந்தநாள். மண்டபம் எடுத்து, ஹார்வுட் குடும்ப வரலாறு என்று புத்தகம் வெளியிடுகிறாராம். கடைக்கு வந்த யோகராஜா சொன்னார்: "எல்லாருக்கும் அழைப்பு அண்ணை. விரும்பின ஆக்கள் மைக்கில வாழ்த்தலாம்."

வாழ்த்துவோம்.

ஒக்ரோபர் 14

சாப்பாட்டு மேசையில் லக்சாவின் முகம் நல்ல வெளிச்சம். "அப்பா, நிருசன்ர தகப்பன் இளகிட்டார். பிறந்தநாள் முடிய இஞ்ச வந்து கதைக்கிறாராம்."

சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். ஆனால் அவர் இளகியது மகனுக்காக. என்னிடம் சொன்ன சொல்லுக்கு என்ன செய்வது? அந்தப் பதிவுகளை நாற்பது பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒக்ரோபர் 20, சனி

சொன்னேன்.

மைக்கைப் பிடித்துப் புத்தகத்தை வாழ்த்தித்தான் தொடங்கினேன். பிறகு ஒவ்வொரு ஆண்டாக வாசித்தேன். பிரதிகள் மேசை மேசையாகப் போயின. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இதற்காகத்தான் எட்டு மாதம்.

குணசேகரம் புத்தகத்தை மடியில் வைத்தபடி இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் போட்டார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "பெடியனுக்கு ஏழு வயசு எண்டோ போட்டிருக்கு?"

"ஓம்."

"ஆரும் இல்லையோ அவனுக்கு?"

நான் மைக்கை வைத்துவிட்டு வெளியே நடந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் நிருசன் பின்னால் வந்தான். "அங்கிள், 2009-இல அந்தக் கடிதம் எழுதினது நான். அப்பாவுக்கு இண்டைக்குத்தான் தெரியும். மனுசன் உடைஞ்சு போவார் எண்டு நாங்கள் சொல்லேல்லை."

"நாங்கள் எண்டா?"

"நானும் லக்சாவும்."

ஃபிரிபூர்க்வரை அழுதுகொண்டு வந்தாளே. அப்போதும் அவளுக்கு இது தெரியும். ஒரு சொல்லில் அந்த மனுசனைச் சரித்திருக்கலாம். அவள் செய்யவில்லை.

ஒக்ரோபர் 21

லக்சா தன் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம்.

டிசம்பர் 2

குணசேகரம் சேர்ச்சுக்கும் போவதில்லையாம். கேட்க நல்லாயிருக்கிறது. நல்லாயிருக்க வேணும். நான் பிழை ஒன்றும் சொல்லவில்லையே. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கிறது.

2013 ஜூன் 15, சனி

இன்று பதிவுத் திருமணம். எனக்கு அழைப்பு இல்லை. செல்வராணி தனியாக லோசான் போய்ப் பின்னேர ரெயிலில் வந்தாள். குணசேகரம் வந்திருந்தாராம். லக்சாதான் கையைப் பிடித்துப் படி ஏற்றினாளாம்.

சேலை மாற்றாமலே இருந்துவிட்டுச் சொன்னாள்: "பேரை மாத்திப்போட்டாள்."

இந்த நாட்டுக்கு வந்த நாளில் என் பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதினார்கள். பிறந்த அன்றே அவளுக்கும் அது வந்தது. இந்த வருஷம் வந்த புதுச் சட்டப்படி கலியாணத்துக்குப் பிறகும் அவள் அதை வைத்திருக்கலாம். ஒருவரும் மாற்றச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"ஏனெண்டு கேட்டனியோ?"

"கேட்டன். முகம் காணாத பிள்ளைக்குப் பன்னிரண்டு வருஷம் சோறு போட்ட கடைக்காரன்ர பேராம். வேற ஒண்டும் சொல்லேல்லை."

பிறகு செல்வராணி கடையிலிருந்து பெட்டி ஒன்று கொண்டு வந்தாள். அரிசி, மிளகாய்த்தூள், லக்சாவுக்குப் பிடித்த வடகம் எல்லாம் அடுக்கி ஒட்டினாள். "விலாசத்தை நீங்கள் எழுதுங்கோ. என்ர எழுத்துத் தபால்காரனுக்கு விளங்காது. புதுப் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லவோ?"

"வேண்டாம்," என்றேன்.

எழுதினேன். அடித்து அடித்துத் தேடி, எட்டு மாதம் துரத்திய பெயர். கை தானாகப் போனது.